இறுகிப்போன சைலன்சர் ஸ்டட்: ஹெட்டைக் கெடுக்காமல் கழற்றும் முறை

சிடி 125, எம்டி 90, சுப்பர் கப் போன்ற பழைய ஹொண்டாக்கள் மலையகத்துப் பாதைகளில் இன்றும் ஏறி இறங்குகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, கொட்டகையில் கிடந்தவற்றையும் தூசு தட்டி எடுத்தார்கள். இவற்றில் கைவைப்பவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம், சைலன்சரை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்கள், அதாவது ஹெட்டில் பதித்த தலையில்லாத மரையாணிகள். நட்டும் ஸ்டட்டும் டவுன் கடையில் வாங்கலாம், பழுதில்லாத பழைய ஹெட்டைத் தேடி அலைய வேண்டும். ஆகவே நட் போனால் போகட்டும், ஸ்டட் போனாலும் போகட்டும், ஹெட்டின் மரை நிற்க வேண்டும்.

ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். நடுவே ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் எடுப்பதால் மரையை நெருக்கிப் பிடிக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை, பதுளைப் பக்கம் வடகீழ் பருவமழை, மிச்ச நாளில் மூடுபனி. லயத்திலிருந்து டவுனுக்கு இரண்டு மைல் ஓடி நிற்கும் பைக்கின் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதுமில்லை. உள்ளே வேர்த்த தண்ணீர் சைலன்சர் வாயிலேயே தங்கிவிடும்.

வேலைக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துரு கரைக்கும் எண்ணெயைக் காலை மாலை விடுங்கள். ஓட்டோ கியர் வாகனங்களுக்கு ஊற்றும் ஏடிஎப் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். இரண்டும் தனித்தனியாகப் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எண்ணெய் விட்ட பின் சிறு சுத்தியலால் நட்டின் முகத்தில் பத்துப் பதினைந்து முறை மெல்லத் தட்டுங்கள். அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் போகும்.

சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் எம் 6, அதாவது 6 மில்லிமீட்டர் மரையுள்ள ஸ்டட், 10 ஸ்பெனர். எம் 8 என்றால் ஜப்பான் நட்டுக்கு 12, கடையில் வாங்கிப் போட்டதற்கு 13. ஆறு முனை சொக்கட் மட்டும் போடுங்கள். பன்னிரண்டு முனையானது துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும்.

இனி கவனம் முழுவதும் கையில் இருக்க வேண்டும். ஸ்பெனரை அழுத்தும்போது நட் "டக்" என்று விட்டு, கையை எடுத்தாலும் அங்கேயே நின்றால் நல்லது. ரப்பரை முறுக்குவதுபோல இழுபட்டு, கையைத் தளர்த்தியதும் திரும்பி வந்தால் நட் அசையவே இல்லை, ஸ்டட்தான் முறுகுகிறது. இன்னும் கால் சுற்று அழுத்தினால் முறிந்துவிடும். உடனே நிறுத்துங்கள். கழறத் தொடங்கினாலும் ஒரேயடியாகத் திருப்பக் கூடாது: கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய். செங்கல் நிறச் சேறு வழிந்து வந்தால் மரை விடுபடுகிறது என்று அர்த்தம்.

அசையாவிட்டால் சூடு. பெட்ரோல் டாங்கியைக் கழற்றித் தள்ளி வையுங்கள், காபரேட்டரை வடித்துவிடுங்கள், அசிட்டோன் விட்ட இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு படவே கூடாது, நச்சு வாயு வரும். நட் இறுகியிருந்தால் நட்டைச் சூடாக்குங்கள். ஸ்டட்டே ஹெட்டில் இறுகியிருந்தால் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை தளரும். தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடும் அளவு போதும். ஹெட்டின் அலுமினியக் கலவை சிவந்து காட்டாமலேயே, 660 பாகை செல்சியஸை எட்டும் முன்பே உருகத் தொடங்கிவிடும், ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். முன்கூட்டியே சவர்க்காரத்தால் ஒரு கோடு போட்டால், அது பழுப்பாகும்போது அளவு மிஞ்சிவிட்டது என்று தெரியும். சூட்டோடு மெழுகுதிரியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். சூடான ஹெட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும்.

நட் அப்போதும் பிடிவாதம் பிடித்தால் அதன் தட்டையான பக்கத்தை வாளால் நெடுக்காக, ஸ்டட் மரை வரை போகாமல் அறுத்து, உளியால் ஒரு தட்டு. பிளந்து வரும். பிறகு ஸ்டட்டில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டை இடப்புறம் திருப்பினால் ஸ்டட் வரும்.

முறிந்துவிட்டதா? முனை வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வைப்பது நல்ல வழி. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்யும். பட்டரியைக் கழற்றுங்கள், எர்த் கவ்வியை ஹெட்டிலேயே மாட்டுங்கள். பிரேமில் மாட்டினால் மின்சாரம் பெயாரிங் வழியாகப் பாயும்.

ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால் டிரில். வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டனைக் கம்பிரஷன் மேல்நிலையில் நிறுத்தி, சைலன்சர் துளையைத் துணியால் அடையுங்கள். லேத் பட்டறையில் சைலன்சர் பிளேஞ்சின் (சைலன்சரை ஹெட்டோடு பிடிக்கும் தகட்டின்) ஸ்டட் துளைக்குள் சரியாக உட்காரும் ஒரு புஷ்ஷை, அதாவது சிறு உலோகக் குழலை, நடுவில் 3 மில்லிமீட்டர் துளையோடு கடைந்து வாங்குங்கள். பிளேஞ்சை மற்ற ஸ்டட்டில் பிடித்து, புஷ் வழியே துளைத்தால் டிரில் அலுமினியப் பக்கம் ஓடாது. எம் 6 என்றால் 3, 4, கடைசியில் 5. எம் 8 என்றால் 6.8 வரை. மிஞ்சும் மெல்லிய மரைச் சுருளை ஊசியால் உரித்து, மரை வெட்டும் டெப் ஓட்டுங்கள். முறிந்த ஸ்டட்டைக் கடித்துத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரை எம் 6இல் போடாதீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும்.

அப்படி முறிந்திருந்தால் ஹெட்டை இறக்கி, துளையைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டி, சீனக்காரத்தை (படிகாரத்தை) சூடான தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து ஊற்றுங்கள். சூடு ஆறாமல் வைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருந்தால் இரும்பு கறுத்துக் கரையும், அலுமினியம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஓரிரு நாள் எடுக்கும். ஹெட்டை முழுவதுமாக அதில் அமிழ்த்தக் கூடாது, வால்வு சீட்டும் கைட்டும் இரும்பாக இருக்கலாம்.

மீண்டும் பூட்டும்போது புது ஸ்டட், பித்தளை நட், மரையில் செப்புக் கிரீஸ், புது செப்பு வளையம். இரண்டு நட்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள்: எம் 6க்கு 10 நியூட்டன் மீட்டர், எம் 8க்கு 20 அளவு. ஓடி வந்து எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள். வளையம் அமுங்கியிருக்கும்.