ஊட்டிக் குளிரில் அமைலேஸ் தடுப்பானைச் சோதிக்க

எம்.ஃபார்ம் புராஜெக்ட்டுக்கு என்னிடம் வரும் பிள்ளைகள் டாக்கிங் ஸ்கோரோடுதான் வருவார்கள்; மூலக்கூறு நொதியில் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணினி கணிக்கும் எண் அது. "மேடம், மைனஸ் 9.8 வந்திருக்கு!" சரி, எழுதி வைத்துக்கொள் என்பேன். அந்த எண்ணைவிட, மூலக்கூறு எங்கே போய் உட்கார்கிறது என்பதுதான் முக்கியம். மனிதக் கணைய அமைலேஸ் என்ற செரிமான நொதி மாவுச்சத்தை வெட்டுவது அஸ்பார்டேட் 197, குளுட்டமேட் 233, அஸ்பார்டேட் 300 ஆகிய மூன்று அமினோ அமிலங்களை வைத்து. சர்க்கரை நோய்க்கான மருந்து அகார்போஸ், சர்க்கரை வேஷத்தில் அங்கே நுழைகிறது; வெட்ட வேண்டிய இணைப்பில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் இருப்பதால் நொதியால் அதை வெட்ட முடிவதில்லை. உங்கள் மூலக்கூறில் ஒரு தடவைக்கு ஒரு தொகுதியை மட்டும் மாற்றுங்கள். அமைலேஸை முழுசாக முடக்கும் ஆசையும் வேண்டாம். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து, நோயாளிக்கு வயிறு உப்பும்.

இனி பெஞ்சுக்கு வருவோம். சோதிக்கும் சேர்மத்தைக் கரைக்கப் பயன்படும் திரவமான டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். கோயம்புத்தூரில் இது யாருக்கும் தொந்தரவில்லை. ஊட்டியில் டிசம்பர் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. 37 டிகிரி வாட்டர் பாத்தில் முழுக்க உருக்கி, நன்றாகக் கலக்கி, அடியில் துகள் இல்லையென்று பார்த்த பிறகே பைப்பெட்டை வையுங்கள். பாதி உருகியதை எடுத்தால் செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாது. டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஜூலைச் சாரலில் பெரிய பாட்டிலைத் திறந்து திறந்து மூடாமல், சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள்.

பிஎச் மாறாமல் காக்கும் கரைசலான பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 6.9) கொஞ்சம் சோடியம் குளோரைடு இருக்கட்டும். குளோரைடு இல்லாமல் இந்த நொதி சோம்பிவிடும். நொதியையும் சேர்மத்தையும் 37 டிகிரியில் 10 நிமிடம் சேர்த்து வைத்து, அதே சூட்டில் இருக்கும் 1 சதவீத ஸ்டார்ச்சை ஊற்றுங்கள். குளிர்ந்த ஸ்டார்ச்சை ஊற்றினால் வேகம் குறையும். நீங்கள் அதைத் தடுப்பு என்று எண்ணிக்கொள்வீர்கள். சேர்மம் இல்லாத கன்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும், மொத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

வெட்டுப்பட்டு வந்த சர்க்கரையோடு வினைபுரிந்து நிறம் தரும் டிஎன்எஸ்ஏ சேர்த்துக் கொதிநீரில் வைக்கும் இடத்தில்தான் மலை குறுக்கே வரும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் அதனால்தான். நிறம் மெதுவாக வரும். சமவெளியில் எழுதிய 5 நிமிடத்தை அப்படியே நம்பாமல், நிறம் மேலும் ஏறாத நேரத்தை நீங்களே பார்த்து நிர்ணயிங்கள். அளவு தெரிந்த மால்டோஸ் ஸ்டாண்டர்டுகளையும் அன்றைக்கே, அதே பாத்தில், அதே நேரம் வையுங்கள். அப்புறம் நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் படியுங்கள்.

ஒவ்வொரு செறிவுக்கும் நொதி சேர்க்காத பிளாங்க் கட்டாயம். சேர்மத்துக்குச் சொந்த நிறம் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நல்ல ஐசி50, அதாவது நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவு, கிடைத்துவிட்டதா? இப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். பல சேர்மங்கள் தண்ணீரில் திரண்டு, நொதியைத் தங்கள் மேலே ஒட்டவைத்து முடக்கும். 0.01 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள்; தடுப்பு மறைந்துவிட்டால் அது திரளின் வேலை. கோத்தகிரித் தேயிலைச் சாற்றை வைத்து "இயற்கை அமைலேஸ் தடுப்பான்" என்று வருபவர்களை நான் முதலில் நிறுத்துவது இங்கேதான். தேயிலையில் உள்ள பாலிஃபீனால் எந்தப் புரதத்தையும் பிடிக்கும். கூடவே ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தைப் போட்டால் பல சாறுகள் அமைதியாகிவிடும்.

ஒப்பீட்டுக்கு அகார்போஸ் வையுங்கள். அடுத்த கட்டமாக, மால்டோஸை உடைக்கும் நொதியான ஆல்ஃபா குளுகோசிடேஸுக்குப் போகிறவர்கள், ஈஸ்ட் நொதியில் அகார்போஸ் பலவீனமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது வேறு குடும்பத்து நொதி. எலிக் குடல் பொடியிலிருந்து எடுத்ததில் மால்டோஸ் வைத்துப் பாருங்கள். அதில்தான் அகார்போஸின் உண்மையான பலம் தெரியும்.