கட்-ஆஃப் எங்கே கரைகிறது? பிளஸ் டூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மதுரை செல்லூரில் நான் நடத்தும் டியூஷனுக்குப் பெற்றோர் வருவார்கள். "தம்பிக்கு மார்க் பத்தலை சார், எப்படியாவது ஏத்தி விடுங்க." எந்த மார்க் என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். முதல் தவறு அங்கேதான்.

600-க்கு எத்தனை என்பது சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள உதவும். பொறியியல் கலந்தாய்வில் பார்ப்பது 200-க்கான கட்-ஆஃப். அதில் கணக்கு 100 அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து 50, 50. கணக்கில் 82, இயற்பியலில் 90, வேதியியலில் 95 என்றால் 174.5. கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 93 என்றால் 188.5. முதல் பையன் தமிழிலும் ஆங்கிலத்திலும் அள்ளி, மொத்தத்தில் முந்தியிருந்தாலும் தியாகராஜர் பொறியியல் கல்லூரி வரிசையில் பின்னால்தான் நிற்பான். அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலாக 400-க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கே பேசும். எங்கே சேரப்போகிறோம் என்று தெரியாமல் எல்லாப் பாடத்தையும் ஒரே அளவில் உருட்டுவது வீண் உழைப்பு.

அடுத்தது, திருத்திக் கொடுத்த பேப்பரில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைப்பது. இதைவிடப் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாணவி கணக்கு எழுத்துத் தேர்வில் 90-க்கு 58 வாங்கி வந்தாள். விடுமுறை முழுக்க வெக்டர் பாடத்தை மறுபடி படித்ததாகச் சொன்னாள். பேப்பரை விரித்து, போன 32 மார்க்கையும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு மார்க் கேள்விகளில் 8. பிளஸ், மைனஸ் மாறியதிலும் கேள்வியைத் தப்பாகப் பார்த்து எழுதியதிலும் 9. நேரம் போதாமல் விட்ட இரண்டு ஐந்து மார்க் கேள்விகளில் 10. உண்மையிலேயே தெரியாமல் போனது 5-தான். வெக்டரில் ஒன்றுகூடப் போகவில்லை! அவளுக்கு வேண்டியிருந்தது கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவதும், புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளும். கணக்கில் அவை மட்டும் 20 மார்க்.

பிளஸ் ஒன் மார்க் கட்-ஆஃபில் சேராது என்று அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறார்கள். வகையிடல் அதில்தான் இருக்கிறது. அது தெரியாமல் பிளஸ் டூ நுண்கணிதத்தில் எத்தனை டியூஷன் மாற்றினாலும் நகராது.

இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வு 70-தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ரெக்கார்டு நோட்டைக் கடைசி இரவில் நண்பனைப் பார்த்து எழுதுகிறவர்கள் அந்த 30-ஐ நினைத்துக்கொண்டால் நல்லது.

பொங்கல் வாரத்தில் பத்து மணி நேரம் படிப்பதாக டைம்டேபிள் போடுவதும் தவறுதான். பாலமேடு, அலங்காநல்லூர் பக்கத்துப் பையன்களிடம் அந்த நாட்களில் படி என்று நான் சொல்வதே இல்லை; சொன்னால் கேட்கவும் போவதில்லை. மூன்று நாள் விட்டுவிட்டு, நான்காம் நாள் முழு மாதிரித் தேர்வு வைத்துவிடுவேன்.

அப்புறம், ரிசல்ட்டுக்குப் பிறகு நடக்கும் தவறு. மார்க் குறைவாகத் தெரிந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய முடியும். நகல் கேட்கக் கொடுப்பது சில நாட்கள்தான். வீட்டில் ஒரு வாரம் அழுது முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தேதி போயிருக்கும்.