காரைக்குடிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: தலைமுடி விஷயம்

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்து, காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று குடிவருகிறவர்கள் வீடு, கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் முடித்து உட்காரும்போது அடுத்த புகார் தொடங்கும்: "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது." ஊர்க்காரர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "என்ன அண்ணே, முன்னாடி காத்தோட்டமா ஆயிருச்சு?" என்பார். கோபப்படாதீர்கள். இங்கே அதுவும் ஒரு நலம் விசாரிப்புதான்.

தண்ணீரை முதலில் பார்த்துவிடுவோம். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரின் ருசிக்கு ஊரே சாட்சி. சுற்றுக் கிராமங்களில் சில வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் குளித்தால் முடி சொரசொரக்கும், சிக்கு விழும், சீப்பில் ஒடியும். வேரோடு உதிர்ந்தால் காரணத்தை வேறு பக்கம் தேட வேண்டும். காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, கடும் மன உளைச்சல், திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தது, இவற்றுக்கெல்லாம் 2, 3 மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். அங்கே பட்ட பாடு இங்கே வந்தபின் தலையில் தெரிகிறது, பழி தண்ணீர் மேல் விழுகிறது. காரணம் நீங்கிவிட்டால் இது பெரும்பாலும் ஆறு மாத அளவில் தானாக அடங்கிவிடும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. ஆகவே வந்த புதிதில் எந்த கிளினிக்கிலும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். பெண்கள் மட்டும் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று ஆனால் அது புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள். சின்ன வட்டங்கள் பல நேரம் தானாகவே வளர்ந்துவிடும். பெயர் வெங்காயத்துக்குப் போய்விடும். பரவினால் தோல் மருத்துவரிடம் போங்கள், அந்த இடத்திலேயே ஊசி போடுவார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும், பெண்களுக்கு வகிடு அகலுவதும் பரம்பரை வழி வருகிற வேறு கதை. கரிசலாங்கண்ணித் தைலம் தலைக்குக் குளிர்ச்சி, மணமாகவும் இருக்கும். சொட்டையில் முடி முளைக்க வைக்காது. நிரூபணமானது மினாக்சிடில். ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டும்; பயந்துபோய் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். குறைந்தது 4 மாதம் பொறுங்கள். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் மருந்து பட்ட கையையோ தலையணையையோ நக்க விடாதீர்கள், அதற்கு அது விஷம்.

ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனம் சோர்ந்துபோகும், அதனால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். பிராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனை செய்யும்போது இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

அடுத்து முடி நடவு. பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடுவது. நட்ட முடி சில வாரத்தில் உதிர்ந்து, 3, 4 மாதத்தில் மீண்டும் முளைத்து, முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் செய்யாதீர்கள். பின்னந்தலையில் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறை ஒன்று, வேரை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் முறை ஒன்று. பழனிக்கோ குலதெய்வத்துக்கோ மொட்டை போடும் வழக்கமுள்ள வீடு என்றால் இரண்டாவதுதான் சரி. பட்டையாக எடுத்தால் மொட்டையில் குறுக்கே கோடு தெரியும். தோண்டியெடுத்தால் சின்னப் புள்ளிகளோடு போகும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடக்கிற எண்ணம் இருந்தால் அதற்குச் சற்று முன் நடவு வேண்டாம். புதிதாக நட்ட தலைக்கு வெயில் ஆகாது. அக்னி நட்சத்திரத்துக்கும் அதே பேச்சு.

மதுரை, திருச்சி, சென்னை என்று விளம்பரம் நிறைய வரும். 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன் பிறகு இறந்துபோனார். கத்தி எடுப்பது யார், மயக்க மருந்து கொடுப்பது யார், அவசரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். "டாக்டர் வந்து பார்ப்பார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொட்டையை மறைக்க டேப்பால் ஒட்டும் முடி பேட்ச் வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஊர் வெயில் பெரிய சோதனை. வியர்வையில் டேப் இளகும், கோலாலம்பூரில் ஏசியில் தாங்கிய நாள் கணக்கு இங்கே செல்லாது. அவிழ்த்துக் கழுவி ஒட்டத் தெரிந்த ஆளை முதலில் தேடிக்கொண்டு, அப்புறம் வாங்குங்கள்.

பெண்களுக்கு இந்த ஊரிலேயே பழைய வழி இருக்கிறது, சவுரி. சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்துச் சவுரி கட்டிக்கொண்ட ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பின்னி, மேலே பூவும் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தினமும் கனமான சவுரியை இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி இழுபட்டுப் போகும், நாள்பட்டால் திரும்பி வளராது. விசேஷ நாளோடு நிறுத்துங்கள். உச்சியில் மட்டும் மெலிந்தவர்களுக்கு உச்சியை மட்டும் மூட கிளிப் போட்டு மாட்டும் சின்னப் பொய்முடி, டாப்பர், போதும். எதுவானாலும் இரவில் கழற்றிவிட்டு, நிழலில் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் நாறும்.