குமுளி தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? ‘ராவிலெ’ன்னா ராத்திரி இல்ல

கம்பம், கூடலூர்லருந்து ஜீப்புல ஏலக்காட்டு வேலைக்கு வர்றவங்களுக்கும், வண்டிப்பெரியாறு பக்கம் லயத்துல (எஸ்டேட் லைன் வீட்டுல) புதுசா தங்கியிருக்கறவங்களுக்கும் இது. வங்காளத்துலருந்து வர்ற பையனுக்கு மலையாளம் சுத்தமா தெரியாது, அதனால கூடவே ஆள் கூட்டிட்டுப் போயிருவான். நமக்கு பாதி புரியும், அந்தப் பாதிதான் ஆளைக் கவுத்துரும்.

எங்க சித்திக்கு கால் வீக்கத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில நீர் மாத்திரை குடுத்தாங்க, சிஸ்டரும் "ராவிலெ ஒண்ணு"ன்னு ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்புச்சு, மலையாளத்துல அது காலையில, சித்தி ‘ராவுல’ன்னு எடுத்துக்கிட்டு படுக்கப்போறப்ப போட்டுட்டு நாலு நாள் விடிய விடிய கக்கூசுக்கும் பாயிக்குமா நடந்துச்சு. திட்டு வாங்குனது என்னவோ மாத்திரைதான்.

அதனால நேரத்த மொதல்ல பழகிக்கங்க. ராவிலெ காலை, உச்சைக்கு மத்தியானம், வைகிட்டு சாயங்காலம் (வைகறை இல்ல), ராத்திரி மட்டும் ராத்திரியேதான். மும்புன்னா முன்னாடி, சேஷம்னா அப்புறம். குழப்பமா இருந்தா சீட்டுல 1-0-1ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு. வாங்குன கையோட கவுண்டர்லயே நின்னு நீங்க திருப்பிச் சொல்லிக் காட்டணும், பின்னாடி க்யூல முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும்.

அடுத்தது டாக்டர் கேக்குற கேள்வி. "பனி உண்டோ"ன்னா காய்ச்சல் இருக்கான்னு அர்த்தம், "ஆமா சார், காட்டுல சரியான பனி"ன்னு சொல்லிறாதீங்க. சும இருமல், சர்தி வாந்தி, வயறிளக்கம் பேதி, தலகறக்கம் தலைசுத்து, சோர ரத்தம். வலிக்கு அவங்க சொல்றது வேதன. "வலிக்குமோ"ன்னு கேட்டா பீடி சிகரெட் இழுப்பீங்களான்னு கேக்குறாங்க, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு "ரொம்ப வலிக்கும் சார்"னு சொன்னா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. எங்க வலிக்குதோ அங்க கைய வச்சுக் காட்டுங்க, எத்தன நாளுன்னு வெரல்ல காட்டுங்க.

காட்டுல மருந்தடிச்சு மயக்கம் வந்தா "மருந்து பட்ருச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, மாத்திரை மருந்துன்னு நெனச்சுக்க வாய்ப்பிருக்கு. விஷம்னு சொல்லுங்க, அந்த டப்பாவையோ லேபிளையோ கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. அதுல முக்கோணக் கலர் இருக்கும், செவப்புன்னா ரொம்பக் கடுமையான விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது. மருந்தோட பேரும் அதுலயே இருக்கறதால பாஷையே தேவையில்ல. நனைஞ்ச சட்டைய மொதல்ல கழட்டி ஒடம்ப சோப்பு போட்டுக் கழுவிருங்க.

கூட ஆள் வேணும்னா மலையாள ஸ்கூல்ல படிக்கிற புள்ளைய இழுத்துட்டுப் போறது நம்ம வழக்கம். காய்ச்சலுக்கு சரி. அம்மாவோட மாசக்கணக்க, ரத்தப்போக்க அந்தப் பையன் எப்படிங்க வாய்விட்டுச் சொல்லுவான், அம்மாவும் பாதிய முழுங்கிரும். "தமிழ் அறியுந்ந சிஸ்டர் உண்டோ"ன்னு கேளுங்க, தமிழ்நாட்டுல நர்சிங் படிச்சவங்க நிறையப் பேர் இருக்காங்க.

‘ஒப்பு’ன்னு சொல்லி பேப்பர் நீட்டுனா அது கையெழுத்து. ஆபரேஷன் பேப்பரா இருந்தா எதுக்கு, எந்த எடத்துலன்னு தெரியாம போடாதீங்க.

அவசரத்துக்கு 108. எஸ்டேட் பேரு, டிவிஷன், பக்கத்து பஸ் ஸ்டாப், இந்த மூணையும் சொல்லுங்க. ஒடம்பு சம்பந்தமா சந்தேகம் கேக்க 1056, திஷாங்கற ஹெல்ப்லைன், கேரள அரசோடது, ராத்திரியும் எடுப்பாங்க.

நாய் கடிச்சா "பட்டி கடிச்சு"ன்னு சொல்லுங்க. கடிச்ச எடத்த கால் மணி நேரம் சோப்புத் தண்ணில கழுவிட்டு அன்னிக்கே போயிரணும். தோல்ல போடுற ஊசின்னா போட்ட நாள்லருந்து 3, 7, 28ம் நாள் திரும்பப் போடணும், இல்லேன்னா சீட்டுல எழுதியிருக்கற நாள்ல போடணும், நடுவுல ஊருக்குப் போறதா இருந்தா அந்த ஊசிச் சீட்டக் காட்டி கம்பம் ஜிஹெச்லயே மிச்சத்தப் போட்டுக்கங்க.