விடிவதற்குள் தாலி ஏறணும்: ஊரில் வள்ளி திருமணம் நாடகம் வைப்பது எப்படி

ஒரு பெண்ணைக் கட்டுவதற்கு ஒருவன் வேடன், வேங்கை மரம், கிழவன் என்று மூன்று வேஷம் போடுகிறான். தூது போகும் முனிவர் பாதி உண்மையை மறைக்கிறார். கடைசியில் அண்ணன் வேறு யானையாக வந்து மிரட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் மாப்பிள்ளைக்கு வீட்டில் தெய்வானை இருக்கிறாள். இவ்வளவு சிக்கலும் அவிழ்வது சண்டையால் அல்ல, பாட்டாலும் தர்க்கத்தாலும். அதனால் நாடகம் வைக்கிற கமிட்டிக்கு முதல் வேலை, அந்தத் தர்க்கங்களுக்கு நேரம் ஒதுக்குவதுதான். பந்தலும் சீரியல் லைட்டும் அப்புறம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இந்த நாடகம் ஸ்பெஷல் நாடகமாகத்தான் இன்று ஊர்களில் நடக்கிறது. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்கிறீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்றிரவு மேக்கப் கொட்டகையில்தான். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது என்பதால் இது நடக்கிறது.

மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் உள்ள நாடக நடிகர் சங்கங்களின் வழியாகவோ ஏஜென்ட் வழியாகவோ தேதி வாங்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசியில் நல்ல ஆட்கள் தினமும் ஓர் ஊரில் இருப்பார்கள். முதலில் ராஜபார்ட்டும் (முருகன் வேஷம்) ஸ்திரீபார்ட்டும் (வள்ளி வேஷம்) ஒரே தேதிக்குக் கிடைக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து நாரதர். பிறகு பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியத்தோடு பின்பாட்டு, மிருதங்கம், டோலக். ஆக எட்டுப் பேர். இங்கே பல ஊர்கள் விடுகிற பிழை, வள்ளியின் அப்பா நம்பிராஜனுக்கு ஆளே சொல்லாமல் இருப்பது. கடைசி நேரத்தில் பபூனுக்கே மீசை ஒட்டி அனுப்புவார்கள். முன்னிரவு முழுக்கச் சிரிக்க வைத்தவர் மகளைத் தேடி ஆவேசமாக வந்தால் ஊர் இன்னும் பலமாகச் சிரிக்கும். வேங்கை மரக் காட்சி அதோடு போச்சு. ஒன்பதாவதாக ஒருவரைச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம் பேசும்போதே ஒவ்வொருவரிடமும் எத்தனை கட்டையில் (சுருதியில்) பாடுவார் என்று கேட்டு எழுதி, ஆர்மோனியக்காரருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வேலன் (வேடனாக வரும் முருகன்) மூன்று கட்டை, வள்ளி ஐந்தரை கட்டை என்றால் தனிப்பாட்டுக்குத் தொல்லையில்லை, அவரவர் சுருதிக்கு மாற்றிக்கொள்வார். ஆனால் ஒரு கண்ணி இவர், ஒரு கண்ணி அவர் என்று மாற்றி மாற்றிப் பாடும் தர்க்கப் பாட்டில் கண்ணிக்குக் கண்ணி சுருதி மாற்ற முடியாது. ஒருவர் கத்துவார், அல்லது இன்னொருவர் முனகுவார். ஒரு கட்டைக்குள் வித்தியாசம் இருக்கும் ஜோடியாகப் பார்ப்பது நல்லது.

நோட்டீஸ் அடிக்கும் முன் பெயர் வரிசையையும் படங்களையும் ஏஜென்டிடம் ஒருமுறை காட்டுங்கள். வரிசை மாறினால் வரும் மனத்தாங்கல் மேடையில் தெரியும்.

மேடை 20 அடி அகலம், 15 அடி ஆழம், 4 அடி உயரம் இருந்தால் தாராளம். வரைந்த திரைகள் கொண்டுவரும் சீன்காரரிடம் முன்திரை தவிர தெரு, தர்பார், காடு ஆகிய மூன்று சீனும் கேளுங்கள். வாத்தியக்காரர்கள் மேடையிலேயே ஒரு பக்கம் உட்காருவார்கள். நடிகர் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அடுத்து எந்தப் பாட்டு என்பது கண் ஜாடையில்தான் வரும்.

மைக் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுவாள். பரண் என்பது பெரும்பாலும் இரண்டரை அடி பெஞ்சுதான். அவள் ஏறி நின்றதும் தரையில் வைத்த ஸ்டாண்ட் மைக் அவள் இடுப்புக்கு வந்துவிடும். பாதிப் பாட்டில் மைக்செட் பையன் ஓடிவந்து ஸ்டாண்டை இழுப்பான், கிறீச்சென்று ஊளையிடும். பரணின் காலோடு ஓர் உயரமான கம்பைக் கட்டி, அதில் தனி மைக்கை மாலையிலேயே மாட்டிவிடுங்கள்.

இனி நேரம். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் பக்திப் பாட்டு அரை மணி. பபூன் வரவு, டான்ஸ், இருவர் காமெடி எல்லாம் சேர்த்து 12.15 வரை. தோழிகளோடு வள்ளி வரவும், அவளைத் தினைப்புனக் காவலுக்கு அனுப்புவதும் 12.45 வரை. நாரதர்–வள்ளி தர்க்கம் 2 மணி வரை. நாரதர் முருகனிடம் போய்ச் சொல்வது இருபது நிமிஷம். வேலன்–வள்ளி 3.30 வரை. நம்பிராஜன், வேங்கை மரம் இருபது நிமிஷம். விருத்தன் (கிழவன் வேஷம்) 4.30 வரை. யானை, கல்யாணம், மங்களம் 5 மணிக்குள். ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும், மொத்தக் கணக்கு மாறாது.

கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். பபூனுக்குக் கைதட்டு அதிகம், அன்பளிப்பு அறிவிப்பு அதைவிட அதிகம், நாரதர் வருவதற்கே மணி ஒன்றரை ஆகிவிடும். போன முக்கால் மணி நேரத்தை நாரதர் தர்க்கத்திலிருந்து வெட்டுவார்கள். தனியாக நிற்கும் பெண்ணிடம் துறவிக்கு என்ன பேச்சு என்று வள்ளி மடக்குவதும், அவர் சுற்றி வளைத்து முருகன் பேச்சை எடுப்பதும் இல்லாவிட்டால், பின்னால் வேலன் வரும்போது அவள் ஏன் அப்படிச் சீறுகிறாள் என்பதே புரியாது. அன்பளிப்புப் பெயர்களைத் தாளில் சேர்த்து, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே மொத்தமாக வாசியுங்கள். பாட்டின் நடுவே மைக்கைப் பிடுங்க யாரையும் விடாதீர்கள்.

ஒலிபெருக்கி அனுமதியை எழுத்தில் வாங்கி, முடியும் நேரத்தைப் பாருங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 12 மணிக்குள் முடிக்கச் சொன்னால் மாலை 7 மணிக்கே தொடங்குங்கள். பக்திப் பாட்டு 15 நிமிஷம், பபூனும் டான்ஸும் 45, வள்ளி வரவு 20, நாரதர் 60, முருகன் சபை 15, வேலன் 60, நம்பிராஜன் 15, விருத்தன் 40, யானையும் கல்யாணமும் 30. சரியாக ஐந்து மணி நேரம். பபூனிடம் இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், மேடையேறிய பிறகு சொன்னால் வீம்புக்கு நீட்டுவார்.

வேலன் விருத்தனாக மாற, நரைமுடி, தாடி, தடி என்று பத்து நிமிஷமாவது பிடிக்கும். நம்பிராஜன் காட்சிக்கு நேரம் விட்டிருப்பது இதற்குத்தான். வேங்கைக் கிளையை முதலிலிருந்தே மேடையில் நட்டு வைக்காதீர்கள். “நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது” என்று வேடர்கள் திகைக்க வேண்டும். மிருதங்கம் உருட்டும்போது ஐந்து விநாடி விளக்கணைத்து, இரண்டு பையன்கள் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

கிழவன் தேனும் தினைமாவும் தின்று விக்கி, தண்ணீர் கேட்கிற இடம் சிரிப்புக்கானது. வறண்ட மாவைக் கொடுத்தால் பாடுகிறவருக்கு நிஜமாகவே புரையேறும். தேன் விட்டுப் பிசைந்து கோலிக்குண்டு அளவு இரண்டு உருண்டை தட்டில் வையுங்கள். செம்பில் உண்மையாகவே தண்ணீர் இருக்கட்டும்.

யானை, கறுப்புக் கம்பளிக்குள் இரண்டு பையன்களும் துணியில் தைத்த ஒரு துதிக்கையும். விருத்தன் அண்ணனைக் கூப்பிடும்போது மணி நாலரை, பையன்கள் சீனுக்குப் பின்னால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். யானை வராமல் வள்ளி எதற்குப் பயந்து கிழவனைக் கட்டிக்கொள்வாள்? அவர்களை எழுப்பி டீ வாங்கிக் கொடுக்க ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். கல்யாண மாலை இரண்டையும் அவர் கையிலேயே, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிடலாம்.

பபூனுக்கும் டான்ஸுக்கும் வேலை முன்னிரவிலேயே முடிந்துவிடும், அவர்கள் பாக்கியை அப்போதே கொடுங்கள். மற்றவர்களுக்கு மங்களம் முடிந்த கையோடு. பலர் அன்றிரவே வேறு ஊரில் நிற்க வேண்டியவர்கள், பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பும் நிலையில் அவர்களை வைக்காதீர்கள்.