மூக்கு ஸ்பிரே: கை செய்யும் தவறுகள்

"ரெண்டு நாள் அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல." மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி அதிகம் காதில் விழும் புகார் இதுதான். பெரும்பாலும் குற்றம் மருந்தின் மேல் இல்லை.

சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் ரத்தக்குழாயைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் அப்படியல்ல. உள்ளிருக்கும் அழற்சியை மெல்லத் தணிப்பவை. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அடைக்கும்போது மட்டும் அடித்தால் காசுதான் வீண். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து, சொட்டு மருந்தையே வாரக்கணக்கில் விடுவது இன்னும் மோசம். சில நாளைக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

அடிக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து, குழாயை நேராக நடுச்சுவரைப் பார்த்து வைத்து, 'சர்'ரென்று உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடும். நாக்கில் கசப்பு தட்டினால் அதுதான் அறிகுறி. நடுச்சுவரிலேயே தினமும் பட்டால் அந்த இடம் புண்ணாகி ரத்தம் கசியும். சரி, எப்படி அடிப்பது? முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்குங்கள். தலையை லேசாகக் குனிந்து, வலது துளைக்கு இடது கையால், இடது துளைக்கு வலது கையால் அடியுங்கள். முனை தானாகவே அந்தப் பக்கக் காதை நோக்கித் திரும்பும். மூச்சை மெதுவாக இழுத்தால் போதும். உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் அதை முன்னாடியே முடித்துவிட வேண்டும்; பின்னால் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். புது பாட்டிலையும் பல நாள் தொடாமல் வைத்ததையும் சீரான தூவல் வரும்வரை வெளியே அழுத்திப் பார்க்க வேண்டும்.

பயத்துக்கும் ஓர் அளவு உண்டு. இந்த ஸ்பிரேக்களில் பல, ஓர் அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம்தான் தருகின்றன. அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். மாத்திரை ஸ்டீராய்டோடு இதை ஒப்பிடக் கூடாது. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருடக்கணக்கில் தானாக அடித்துக்கொள்வதும் சரியல்ல. கண் அழுத்த நோய் உள்ளவர்களும், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தும் குழந்தைகளுக்கு உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பது வழக்கம். ஹெச்ஐவிக்கு ரிட்டோனவிர் சாப்பிடுபவர்கள் ஃப்ளூட்டிகசோன் பக்கம் கேட்காமல் போகவே கூடாது. ஸ்பிரேயில் உள்ள ஸ்டீராய்டு உடலிலிருந்து வெளியேறுவதை ரிட்டோனவிர் தடுத்துவிடும்.