சாரல் மேகம் வரைய உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆடியில் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துக் குளத்தங்கரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாட்டர்கலர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பலகையாக எட்டிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் கெடுத்த தாள்களையே மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது. அழுக்குத் தண்ணீரை மாற்றாதது, தாளை டேப் போட்டு ஒட்டாதது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வானத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

எல்லோரும் பனைமரத்தில் தொடங்குகிறார்கள். பிறகு வயல், வரப்பு, மலை. மிஞ்சிய மேல்பாதியை மேகம் போட்டு நிரப்புகிறார்கள்.

சாரல் காலத்தில் இது படத்தையே கொன்றுவிடும். மேகாத்து, அதாவது மேற்கேயிருந்து அடிக்கும் காற்று, மலையில் மோதி ஏறும்போது உச்சியில் மூட்டம் கட்டுகிறது. கிழக்கே இறங்கும்போது காற்று சூடாகி மேகம் கிழிகிறது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் வயலில் வெயில் திட்டுத் திட்டாக விழுகிறது. ஒரு வயல் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும்; அடுத்தது நீலம் பாய்ந்து மங்கிக் கிடக்கும். குளத்துத் தண்ணீருக்கும் வானத்தின் நிறம்தான். ஆக, கீழே என்ன நிறம் என்று முடிவு செய்வது வானம். அதைப் பார்க்காமல் வயலுக்கு எப்படி நிறம் வைப்பது?

நான் அப்படித்தான் வைத்தேன். 22×30 அங்குல முழுத் தாள், 300 ஜிஎஸ்எம் கனத்தில் காட்டன் பேப்பர். அன்றைக்கு அதன் விலை எனக்கு ஒரு நாள் சம்பளம். இரண்டு மணி நேரம் வயலை இழைத்துவிட்டு, அப்புறம் கருமேகத்தை ஏற்றினேன். புல்லுக்கட்டோடு போன ஒரு ஆச்சி நின்று பார்த்தார்.

“மேல இம்புட்டு மூட்டம் போட்டிருக்கே, வயல்ல மட்டும் சித்திரை வெயிலு அடிக்கே தம்பி?”

வயலை மங்கலாக்க மேலே சாம்பல் வாஷ் (தண்ணீராகக் கரைத்த நிறப் பூச்சு) ஓட்டினேன். அடியில் இருந்த பச்சை கிளம்பி எல்லாம் சேறானது. தாள் போனது.

எனக்குச் சொல்லித் தந்தவர் வானத்தை ‘பேக்கிரவுண்டு’ என்பார். இன்றைக்கும் பிள்ளைகள் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முதலில் தீப்பெட்டி அளவில் பென்சிலால் ஒரு கட்டம் போடுங்கள். மேகம் எங்கே அடர்த்தி, எங்கே கிழிசல், வெயில் எந்த வயலில் என்று குறியுங்கள். பெரிய தாளில் வானத்தைப் பதினைந்து நிமிஷத்துக்குள் போட்டு முடியுங்கள். வயல் அதற்குப் பிறகுதான்.

ஓடும் மேகத்தைத் துரத்துவது

ஆடிக்காற்றில் நீங்கள் பார்த்த மேகம் சற்று நேரத்தில் சுரண்டைப் பக்கம் போய்விடும். புதிதாக வந்ததைப் பார்த்துப் பார்த்து வானத்தைத் திருத்தினால், மேலே ஐந்து மணியும் கீழே நாலு மணியும் ஆகிவிடும். குறித்த கட்டத்தை விட்டு நகராதீர்கள். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் வரைந்த மேகப் படங்கள் பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதியிருப்பார். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்து முடிக்கும்போது நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது.

மழைமேகத்துக்கு ட்யூப் கறுப்பு

வேண்டாம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால் போதும்.

எல்லா மேகமும் ஒரே அளவு

தலைக்கு மேல் இருப்பது பெரிது. அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, தட்டையாகி, நெருங்கி அடுக்கும்.

அரை ஈரத்தில் கை வைப்பது

சித்திரையில் சட்டென்று காயும் வாஷ், சாரலில் அரை மணி ஆனாலும் காயாது. தாளைச் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு போயிருக்கும், ஆனால் புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் ஈரப் பிரஷ்ஷை வைத்தால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், மேகத்தின் நடுவே காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டும். அதை அழிக்க வழியில்லை. சில்லிப்பு போகும்வரை குடைக்கடியில் வைத்துவிட்டு, அடுத்த கட்டத்தைப் பென்சிலால் போட்டுக்கொண்டிருங்கள்.